திராவிடப் பல்லியும் காரைக் கடலும்

நிலவியலாளர்களின் கட்டுரைகளில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் காலத்தின் பெயர்களாக வருகின்றன. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. நகரப் பேருந்தின் நெற்றியில் பார்த்துப் பழகிய இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பாறை அடுக்கைக் குறிக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் நீண்ட ஒரு காலத்தைக் குறிக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு புதைபடிவ ஆய்வாளருக்குக் கங்கைகொண்ட சோழபுரம் தெரியாமல் இருக்கலாம். ஊட்டத்தூர் தெரிந்திருக்கும்.

எங்கள் வாசகர் வட்டம் இந்த விஷயத்துக்குள் வந்து சேர்ந்தது இலக்கியத்தின் வழியாகத்தான். மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். அன்று பேச்சு கடல்கோளைப் பற்றியது. இறையனார் களவியல் உரை சொல்லும் சங்கங்கள், சிலப்பதிகாரத்தின் பஃறுளியாறு, குமரிக்கோடு, பிற்காலத்தில் அதன்மேல் எழுப்பப்பட்ட குமரிக்கண்டம் என்று வழக்கம்போல் விவாதம் சூடேறியது. எங்களில் மூத்தவரான, அரியலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் (அவரை நாங்கள் எல்லோருமே 'சார்' என்றுதான் அழைப்போம்) நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க எல்லாரும் கடல் முழுங்குன நிலத்தையே பேசிக்கிட்டு இருக்கீங்க. எங்க ஊர்ல நிலம் கடலை முழுங்கியிருக்கு. அதை யாரும் பேசறதில்ல."

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அன்றைய விவாதம் தொடரவில்லை. நாங்கள் அவரிடம் கேட்கத் தொடங்கினோம். பிறகு நூலகங்களில் தேடத் தொடங்கினோம். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காரைக்கே போய் நின்றோம்.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நிலப்பகுதி, அண்டார்க்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த பிணைப்பிலிருந்து பிரியத் தொடங்கியது. அந்தப் பிளவின் விளிம்புதான் நம் கிழக்குக் கடற்கரை. பின்னர் வந்த கிரெட்டேசியஸ் காலத்தில் உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்திருந்தது. கடல் இன்றைய கரையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே வந்து, பெரம்பலூருக்குப் பக்கத்தில் கருங்கல் பாறைகளின்மேல் தன் சேற்றைப் பரப்பியது. வந்தது, பின்வாங்கியது, மறுபடியும் வந்தது. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரத்தைப் பார்த்திருப்பீர்கள், 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. ஒரு பெருமரம் வேரற்று, நீரில் அடித்துச்செல்லப்பட்டு, கடற்சேற்றில் புதைந்ததன் சாட்சி அது. மரத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்து, பள்ளிக்குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோம். அந்தக் கடலில் நீந்தியவற்றைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை.

1879இல் ரிச்சர்ட் லைடெக்கர் என்ற ஆங்கிலேயர் ஊட்டத்தூர் அடுக்கில் கிடைத்த சில முதுகெலும்புத் துண்டுகளை விவரித்து, அவற்றுக்கு 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயரிட்டார். இக்தியோசார் என்றால் மீன்பல்லி. மீனும் அன்று, பல்லியும் அன்று. டைனோசரும் அன்று. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் திரைப்படங்களும் குழந்தைப் புத்தகங்களும் அந்தக் காலத்துப் பெரிய பிராணிகள் அனைத்தையும் ஒரே கூடையில் போட்டுவிட்டன. டைனோசர்கள் நிலத்தின் மக்கள். நிலத்தில் வாழ்ந்த வேறு சில ஊர்வன, காரணம் இன்னதென்று எளிதில் சொல்லிவிட முடியாதபடி, தம் முன்னோர் விட்டுவந்த கடலுக்கே திரும்பிப் போயின. அப்படிப் போனவற்றில் ஒரு கிளை இக்தியோசார். நீண்ட கழுத்தும் நான்கு துடுப்புகளும் கொண்ட ப்ளீசியோசார் வேறொரு கிளை. உடும்புக்கும் பாம்புக்கும் உறவான மோசசார் கடைசியாக இறங்கியது.

சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றிய இக்தியோசார்கள், திமிங்கலங்களும் ஓங்கில்களும் பின்னாளில் நடந்த அதே பாதையில் வெகு முன்னதாகவே நடந்துவிட்டன. உடல் ஓங்கிலைப்போல. வால் மட்டும் சுறாவைப்போல நிமிர்ந்தது. ஓங்கிலின் வால் படுக்கையானது. கைவிரல்கள் துடுப்புக்குள் அடங்கி, விரலெலும்புகள் பெருகி, சோழிகளை நெருக்கமாக அடுக்கியதைப்போல ஆகிவிட்டன. முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் இருபுறமும் குழிந்த வட்டத் தட்டு. லைடெக்கர் கையில் எடுத்துப் பார்த்தவை இத்தகைய தட்டுகளையே. சில இனங்களின் கண் குறுக்களவில் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், சாப்பாட்டுத் தட்டளவு. அந்தக் கண் ஆழத்து நீரழுத்தத்தில் நசுங்கிவிடாமல் இருக்க, அதைச் சுற்றி எலும்பு வளையம் ஒன்று இருந்தது. ஆழ்கடலின் இருளில் கணவாய்களைத் தேடியவை என்று இதைக்கொண்டு ஊகிக்கிறார்கள்.

எங்களை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொண்டது வேறொரு செய்தி. ஆமை இன்றும் முட்டையிடக் கரைக்கு வருகிறது. கடலுக்குப் போனபின்னும் நிலத்தோடு அதற்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. இக்தியோசார் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டது. அது கடலிலேயே குட்டி போட்டது. இது ஊகம் அன்று: ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடன் கரும்பலகைப் பாறைகளில், வயிற்றுக்குள் குட்டிகளின் எலும்புகளோடு தாய்கள் கிடைத்திருக்கின்றன. பாதி வெளியே வந்த நிலையில் குட்டியோடு கல்லாகிப்போன தாயும் உண்டு. நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி அது. பிறந்த குட்டி உடனே மேலே வந்து முதல் மூச்சை இழுக்கவேண்டும். சீனத்தில் கிடைத்த மிகப் பழைய இக்தியோசார் ஒன்றில் குட்டி தலைமுதலாக வெளிவருகிறது, நிலத்துப் பிராணிகளைப் போலவே. 2014இல் இதை வெளியிட்ட ஆய்வாளர்கள், குட்டி ஈனும் வழக்கம் கடலில் தோன்றியதன்று, நிலத்திலேயே தோன்றிவிட்டது என்று சொன்னார்கள். கடலுக்குப் போகும்போதே அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கும் கதைகளின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கலாம் என்றார் எங்களில் ஒருவர். உவமைகளில் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்றார் இன்னொருவர்.

மேரி அன்னிங்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிராணியைப் பற்றிப் பேச முடியாது. இங்கிலாந்தின் தென்கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் 1799இல் பிறந்தவர். தந்தை தச்சர், மேசை நாற்காலி செய்பவர். ஓய்வு நேரத்தில் கடலோரச் சரிவுகளில் விநோதக் கற்களைப் பொறுக்கி, கோடையில் வரும் பயணிகளுக்கு விற்பார். 1810இல் அவர் கடனை வைத்துவிட்டு இறந்தார். மறு ஆண்டு அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். அதற்குரிய உடலை 1812இல் கண்டுபிடித்தது தங்கை. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயதுகூட முழுதாகியிருக்காது. ஏறத்தாழ 5 மீட்டர் நீளம். 23 பவுனுக்கு விற்றார்கள். கற்றவர்கள் அதைப் பார்த்து முதலையோ, மீனோ, இரண்டுக்கும் நடுவிலான ஏதோவோ என்று சில ஆண்டுகள் குழம்பினார்கள். டைனோசர் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. ரிச்சர்ட் ஓவன் அதை உருவாக்கியது 1842இல்.

1823இன் இறுதியில் முழு ப்ளீசியோசார் எலும்புக்கூடு ஒன்றை மேரி தோண்டியெடுத்தார். கழுத்து நம்பமுடியாத நீளம். பாரிஸில் இருந்த கூவியே, அந்நாளில் இத்துறையில் அவர் சொல்வதே தீர்ப்பு, படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பிராணிகளின் எலும்புகளை ஒட்டவைத்த மோசடியாக இருக்கலாம் என்று ஐயப்பட்டார். ஐயம் நிலைத்திருந்தால் அன்னிங் குடும்பத்தின் பிழைப்பு அன்றோடு முடிந்திருக்கும். கற்களை விற்று வாழ்பவரின் முதல் அவருடைய நாணயம்தானே. நுணுகி ஆராய்ந்தபின் கூவியே தம் ஐயத்தைத் திரும்பப் பெற்றார். 1824 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் சங்கத்தில் கோனிபேர் இந்தப் பிராணியைப் பற்றி உரையாற்றினார். உரையில் மேரியின் பெயர் இல்லை. அதே கூட்டத்தில்தான் பக்லாண்ட் 'மெகலோசாரஸ்' என்ற பெயரை அறிவித்தார். டைனோசர் ஒன்றுக்கு அறிவியல் முறைப்படி இடப்பட்ட முதல் பெயர் அது. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்க இன்னும் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் இருந்தன.

பெயர் விடுபட்டது பெரிய அநீதிதான். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அவருடைய கை அறிந்திருந்ததைப் பற்றித்தான் நாங்கள் சொல்ல விரும்புகிறோம். ஆய்வுக்கட்டுரைகளைக் கடன்வாங்கி வரிவரியாகப் படங்களோடு நகலெடுத்துக் கற்றார். மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்து எலும்புக்கும் தசைக்கும் உள்ள கணக்கைப் புரிந்துகொண்டார். இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியில் கிடைத்த விசித்திர உருண்டைகளுக்குள் மீன்செதிளும் எலும்பும் இருப்பதைக் கவனித்தார். பக்லாண்ட் அவற்றைக் கல்லாகிப்போன சாணம் என்று அறிவித்தது அதற்குப் பிறகுதான். பெலெம்னைட் என்ற, கணவாய்க்கு உறவான, தோட்டா வடிவ ஓட்டைத் தன்னுள் கொண்ட பிராணியின் புதைபடிவங்களில் உலர்ந்த மைப்பை இருப்பதையும் கண்டார். அந்த மையைத் தண்ணீரில் கரைத்தால் எழுத முடிந்தது. அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் 1833இல் அந்த மையைக் கொண்டு ஓர் இக்தியோசார் தலையை வரைந்திருக்கிறார். ஒரே கடலில் வேட்டையாடியதும் வேட்டையாடப்பட்டதும் பதினெட்டு இருபது கோடி ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத் தாளில் அப்படிச் சந்தித்திருக்கின்றன. எழுத்தோடு தொடர்புடையவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்கிறோம்; இந்தச் செய்தி எங்களை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அந்தத் தோட்டா வடிவக் கல்லை நாங்கள் கையில் எடுத்தது காரையில்.

கொளக்காநத்தம் தாண்டிப் போகும்போது வயல்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. பிறகு மழை அறுத்த ஓடைகளும் மேடுகளுமாக, மரமற்ற, மஞ்சளும் பழுப்புமான களிமண் வெளி. வெயில் ஏறியதும் மண்ணுக்குள் ஏதோ மின்னத் தொடங்கியது. கண்ணாடித் துண்டுகளை யாரோ விதைத்துவிட்டுப் போனதைப்போல. ஜிப்சம் என்றார் சார். அதன் பட்டைகள் களிமண்ணின் வெடிப்புகளில் ஓடுகின்றன. சரிவுகளில் பெலெம்னைட்டுகள் கிடந்தன. விரலளவு, தேன்நிறம், ஒரு முனை கூர்மை. அம்மோனைட்டுகளின் முறிந்த சுருள்கள் கிடந்தன. கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தை வீட்டில் வைத்துப் பூசிப்பவர் எங்களில் ஒருவர். சாளக்கிராமமும் அம்மோனைட்டின் புதைபடிவமே என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனாலும் காலடியில் அது கிடப்பதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "கல்லு பாக்க வந்தீங்களா, அந்தப் பள்ளத்துல நெறைய கெடக்கு" என்று கைகாட்டினார். வருகிறவர்களைப் பார்த்துப் பழகியிருக்கிறார். அவர் காட்டிய பள்ளத்தில் நாங்கள் மீன்பல்லியின் எலும்பு எதையும் காணவில்லை. காணவேண்டும் என்று போகவும் இல்லை. ஆனால் அவை இங்கேதான் கிடக்கின்றன. குண்டுபள்ளி பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட கட்டுரை, காரை அடுக்கில் சுறாப்பற்களோடு இக்தியோசார் பற்களும் கிடைத்ததைப் பதிவு செய்கிறது. வயது ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டு.

அந்த வயதில்தான் விஷயம் இருக்கிறது. டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இக்தியோசார்கள் அதற்கு ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டுகள் முன்னதாகவே, எந்த விண்கல்லும் விழாமல், மறைந்துபோயின. கடல் வெதுவெதுப்பாகி ஆழத்தில் உயிர்வளி குன்றியதும் இரை மாறியதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே காரைக் கடலில் கண்விழித்துத் திரிந்தவை அந்தக் குலத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை. பதினைந்து கோடி ஆண்டுகள் உலகின் கடல்களை ஆண்ட ஒரு வமிசம் தன் அந்திக்காலத்தில் நம் கரையில் நீந்தியிருக்கிறது. (கச்சின் லோடாய் கிராமத்தருகே கிடைத்து 2017இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 5.5 மீட்டர் நீள இக்தியோசார் ஜுராசிக் காலத்தது. இதற்கு நான்கைந்து கோடி ஆண்டுகள் மூத்தது. அது ஏறக்குறைய முழுக்கூடாகக் கிடைத்ததால் செய்தித்தாள்களில் இடம்பிடித்தது. பற்களுக்கும் தட்டுகளுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.)

மதியம் ஒரு வேலமரத்து அரை நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தபோதுதான் திராவிடோசாரஸ் வந்தது.

1979இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும், திருச்சிராப்பள்ளி அடுக்கில், அதாவது காரைக்கு மேலே படிந்த இளைய கடற்படிவில் கிடைத்த எலும்புகளை 'திராவிடோசாரஸ்' என்ற பெயரில் அறிவித்தார்கள். மண்டையோட்டின் பகுதி, பல், இடுப்பெலும்புகள், முதுகுத் தட்டுகள், முள். முதுகில் தட்டுகளை நிறுத்திக்கொண்டு நடக்கும் ஸ்டெகோசார் வகை டைனோசர் என்பது அவர்கள் முடிவு. அது சரியாக இருந்தால் பெரிய செய்தி. ஏனென்றால் உலகின் மற்ற இடங்களில் ஸ்டெகோசார்கள் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே ஓய்ந்துவிட்டன. இந்தியா தனியே மிதந்துகொண்டிருந்த நிலம் என்பதால் இங்கே ஒரு கிளை பிழைத்திருக்கலாம் என்று விளக்கமும் சொன்னார்கள். 1996இல் சங்கர் சாட்டர்ஜியும் ருத்ராவும் வேறு சொன்னார்கள். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்த சாட்டர்ஜிக்கு அந்த எலும்புகள் ப்ளீசியோசாருடையவையாகத் தோன்றின. கடல் ஊர்வன. நிலத்து டைனோசர் இல்லை. இதை எல்லோரும் ஏற்கவில்லை. எலும்புகளை ப்ளீசியோசார்களோடு நேராக ஒப்பிட்டு முடிவுகட்டவேண்டும் என்றார்கள் சிலர். வழக்கு இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது.

சாருக்கு இது வெறும் செய்தி இல்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். "நம்ம மண்ணுல ஒரு டைனோசர், அதுக்கு நம்ம பேரு" என்று சொல்லும்போது கடைசி வரிசைப் பையனும் நிமிர்ந்து உட்காருவான் என்றார். சுண்ணாம்புச் சுரங்கத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். தம் ஊரைப் பற்றி வெயில், புழுதி, லாரி என்பதைத் தவிர வேறு நல்ல வார்த்தை கேட்டிராதவர்கள். "அதுக ப்ளீசியோசார்னு ஆயிட்டா நான் என்ன சொல்றது?"

எங்களில் இளையவர், எதையும் வெட்டிப் பேசுகிறவர், "ப்ளீசியோசார்னே சொல்லுங்க சார், அதுவும் நம்ம கடல்தானே" என்றார். சார் அதற்குப் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "பேரு திராவிடம்னு இருக்கறதாலதான் நீங்க எல்லாரும் ஒரு பக்கம் சாயறீங்க. ஒருத்தருக்கு அது இருந்தே ஆகணும். இன்னொருத்தருக்கு அது இல்லாமலே இருக்கணும். எலும்பு என்ன சொல்லுதுன்னு கேக்க ஆள் இல்ல" என்றார். அந்த மதியம் எங்களுக்குள் சொல்லப்பட்டவற்றில் மிகக் கூர்மையானது இதுவே. பெயர்ச்சூட்டலில் தவறேதும் இல்லை. லைடெக்கர் 'இண்டிகஸ்' என்று வைத்ததைப்போலவே அவர்களும் இடத்தைக் குறித்தே வைத்தார்கள். ஆனால் பெயர் விழுந்தவுடன் எலும்பின்மேல் நம் ஆசைகள் ஏறி உட்கார்ந்துவிடுகின்றன. குமரிக்கண்டத்துக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான் என்று எங்களில் சிலர் கருதுகிறோம். எல்லோரும் அல்லர், திரும்பும் வழியெல்லாம் வேனில் அந்தச் சண்டை நடந்தது.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது நினைவிருக்கலாம். அவை அம்மோனைட்டுகள் வாழ்ந்த கடற்படிவில் திரண்ட கல்லுருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். செய்தி ஒரு நாளில் பரவியது. விளக்கம் நடந்து வந்தது. சாருக்கு அன்று தொலைபேசி ஓயவில்லையாம். பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் அழைத்து வாழ்த்துச் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் இல்லையப்பா என்று சொல்லியிருக்கிறார். முட்டையில்லை என்றதும் ஒருவன்கூட, அப்படியானால் அது என்ன சார் என்று கேட்கவில்லை என்பதுதான் அவருடைய வருத்தம்.

அழிவைப் பற்றியும் சொல்லவேண்டும். கல்லமேட்டில் கிடைத்து 1987இல் அதே யாதகிரியும் அய்யாசாமியும் அறிவித்த 'ப்ருஹத்காயோசாரஸ்' என்ற பேருடல் டைனோசரின் எலும்புகள், இரண்டு மீட்டர் நீளக் காலெலும்பு உட்பட, பிற்பாடு உதிர்ந்து இல்லாமலே போயின. மழையும் களிமண்ணும் எலும்பை உள்ளிருந்தே பிளந்துவிட்டன. எஞ்சியவை பழைய வரைபடங்களும் சில புகைப்படங்களும். அந்தப் புகைப்படங்கள் 2022இல்தான் வெளியாயின. எலும்பே இல்லாமல் எலும்பைப் பற்றி வாதிடும் நிலை.

கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பு வேறு வழியில் போகிறது. கிளிஞ்சல்களும் பவளங்களும் நுண்ணுயிர் ஓடுகளும் சேர்ந்த கல் அது. அரியலூரைச் சுற்றிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்பட்டு, சூளையில் வெந்து, சிமெண்டாகி, நாம் குடியிருக்கும் வீடுகளின் சுவராகிறது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் எல்லோருடைய வீடும் சிமெண்டால் கட்டியதுதான். சுரங்க வெட்டு இல்லாவிட்டால் பல அடுக்குகள் கண்ணுக்கே தெரிந்திருக்காது என்பதும் உண்மை. லைம் ரீஜிஸில் கடலலை சரிவை உடைத்து எலும்பைக் காட்டுகிறது. எடுக்க ஆளில்லையென்றால் அடுத்த அலை அதைக் கொண்டுபோய்விடும். அலைக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் ஏழைப்பெண் சுத்தியலோடு நின்றாள். சுரங்கப்பொறிக்கும் எலும்புக்கும் நடுவே இங்கே யார் நிற்கிறார்கள்? வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் இங்கிலாந்தில் 2020இல் தந்தையோடு கடற்கரையில் நடந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி பார்த்த தாடையெலும்புத் துண்டு, 2024இல் சுமார் 25 மீட்டர் நீளமிருந்திருக்கக்கூடிய ஒரு புதிய இக்தியோசார் இனமாகப் பெயர் பெற்றது. அந்தச் சிறுமிக்குத் தான் பார்த்ததை யாரிடம் கொண்டுபோவது என்பது வீட்டிலேயே தெரிந்திருந்தது. குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு சிறுமி அதைப் பார்த்தால் அவள் யாரிடம் போவாள் என்று சாரிடம் கேட்டோம். "எங்கிட்ட வருவா" என்றார். "இப்ப நான் ஓய்வு."

கல்லை எடுத்துவருவதா கூடாதா என்ற பேச்சும் எழுந்தது. ஒரு மழைக்கு உடையப்போவதை எடுத்துவைத்தால் என்ன என்று ஒரு தரப்பு. இடம் தெரியாத கல் பேசாத கல், எந்த அடுக்கில் எந்தத் திசையில் கிடந்தது என்பது போய்விட்டால் மேசையில் வைக்கும் பொம்மைதான் என்றார் சார். சாளக்கிராமத்து நண்பர் கையில் வைத்திருந்த அம்மோனைட் துண்டை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்தார். நாங்களும் வைத்தோம். இளையவர் ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படமெடுத்துக்கொண்டார்.

போக விரும்புகிறவர்கள் மழை ஓய்ந்த தை, மாசியில் போவது நல்லது. மழை புதிதாகக் கழுவிவிட்டிருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். நிழல் கிடையாது. தண்ணீர் நிறைய வேண்டும். களிமண் ஓடைகளின் விளிம்பு காலடியில் சரிந்துவிடும், கவனம். விசித்திரமான எலும்பு எதையேனும் பார்த்தால் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரைக் கண்டால் அந்தப் பள்ளத்தைக் கேளுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் திராவிடோசாரஸ் பற்றிய 1979ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 1996இன் மறுப்பையும் தமிழில் எழுதிக்கொண்டு வருவதாகச் சார் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே கையெழுத்தில், ஒரே அளவு தாளில்.